தீவில் ஒரு வீடும் பருப்பு வேகாத தண்ணீரும்

நம் சங்கத்து அன்பர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஊரில் இருக்கும் வீட்டில்தான் வந்து நிற்கும். "பூட்டித்தான் கிடக்கிறது." "வாடகைக்கு விட்டிருக்கிறேன், வாடகைதான் வருவதில்லை." "தம்பி பார்த்துக்கொள்கிறான்." "விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்." இந்த நான்கில் ஒன்றைச் சொல்லாத பெங்களூர்த் தமிழரை நான் இன்னும் பார்க்கவில்லை. எங்களுக்கும் ஊரில் ஒரு வீடு உண்டு. ஒரே வித்தியாசம், அது தீவில் இருக்கிறது.

"தீவில் வீடா? சுகவாசிதான் ஐயா நீங்கள்" என்று அண்மையில் ஒரு நண்பர் சொன்னார். கடற்காற்று, தென்னை மரம், சாய்வு நாற்காலி என்று அவர் மனத்தில் ஏதோ காலண்டர் படம் ஓடியிருக்க வேண்டும். அந்தச் சுகம் எப்படிப்பட்டது என்று விவரமாக எழுதினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் போகப் போகச் சொல்கிறேன்.

பாலத்துக்கு வந்த மாப்பிள்ளை

நான் சிவில் எஞ்சினியரிங் டிப்ளமா படித்து 1981இல் தென்னக இரயில்வேயில் சேர்ந்தவன். மதுரைக் கோட்டத்தில் பாலங்கள் பிரிவில் வேலை. 1986 முதல் சில ஆண்டுகள் பாம்பன் பாலம் என் பொறுப்பில் இருந்த பகுதிக்குள் வந்தது. 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பாலம் அது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம். கப்பல் வந்தால் இரண்டு கைகளையும் தூக்குவது போல நடுப்பகுதி மேலே எழும்பி வழிவிடும். ஷெர்சர் தூக்குப்பாலம் என்று அதற்குப் பெயர். அதை மனிதர்கள்தான் கையால் சுற்றித் தூக்கினார்கள்.

பாலத்தில் எங்களுக்கு இருந்த முக்கியமான எதிரி ஒன்றுதான்: துரு. கம்பித் தூரிகையால் சுரண்டு, ப்ரைமர் அடி, பெயின்ட் அடி, மறுபடி சுரண்டு. ஒரு முனையில் தொடங்கி மறுமுனை போய்ச் சேருவதற்குள் தொடங்கிய முனையில் துரு எட்டிப் பார்க்கும் என்று எங்கள் கேங்கில் சொல்வார்கள். இரும்பும் மற்ற உலோகங்களும் உப்புக் காற்றில் எவ்வளவு வேகமாக அழிகின்றன என்று பார்ப்பதற்காகவே, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்தில் ஒரு சோதனைக் களம் வைத்திருக்கிறார்கள் என்றால் அந்தக் காற்றின் குணத்தைப் புரிந்துகொள்ளலாம்.

என் மனைவி தங்கச்சிமடத்துப் பெண். மாமனார் மண்டபத்தில் தபால் இலாகாவில் இருந்தவர். பாலத்துக்கு வேலைக்கு வந்தவன் தீவுக்கே மாப்பிள்ளையானேன். கல்யாணத்துக்குப் பின் மாமனார் ஐந்து சென்ட் நிலத்தை மகள் பேரில் எழுதி வைத்தார். 1992இல் அதில் வீடு கட்டினேன். இரண்டு அறை, ஒரு கூடம், சமையலறை, முன்னால் திண்ணை. தலைக்கு மேலே காங்கிரீட் தளம். அந்தத் தெருவில் அப்போது அதுதான் இரண்டாவது தளம் போட்ட வீடு. எஞ்சினியர் வீடு என்றே பெயர் விழுந்தது.

1995இல் எனக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்தது. 2003இல் தென்மேற்கு இரயில்வே பிரிந்தபோது அதோடு சேர்ந்து இங்கேயே தங்கிவிட்டேன். பிள்ளைகள் இங்கே படித்து, இங்கே வேலைக்கும் போனார்கள். மாமனார் காலமான பிறகு தீவு வீட்டில் மாமியார் மட்டும் இருந்தார்கள். 1999இல் ஒரு மாதம் இங்கே அழைத்து வந்து வைத்திருந்தோம். "குளிருது மாப்ளே. கடல் சத்தமும் இல்ல, மனுச சத்தமும் இல்ல. எப்படித்தான் தூங்குறீகளோ" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், மறுபடி வரவே இல்லை.

கட்டிலின் மேல் விழுந்த கூரை

2019 ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம். மாமியார் கூடத்தில் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். கொல்லையில் ஆடு புகுந்து முருங்கையைக் கடிக்கும் சத்தம் கேட்டு எழுந்து போகிறார்கள். ஆட்டை விரட்டிவிட்டுத் திரும்பினால் கட்டிலின் தலைமாட்டில் ஒரு முறம் அகலத்துக்குக் காங்கிரீட் விழுந்து கிடக்கிறது. மேலே துருப்பிடித்த கம்பிகள் பல்லைக் காட்டுகின்றன.

தொலைபேசியில் அவர்கள் சொன்னது இவ்வளவுதான்: "ஆட்டுக்கு ஒரு கும்பிடு போடணும் மாப்ளே."

அன்று இரவே தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் மதுரைக்குக் கிளம்பினேன். காலையில் இறங்கி அங்கிருந்து பஸ்ஸில் தீவுக்குப் போய்ச் சேர்ந்தேன். கையில் ஒரு சிறு சுத்தியல். தளத்தின் அடிப்பக்கத்தை அடிக்கு அடி தட்டிப் பார்த்தேன். நல்ல காங்கிரீட் 'டங்' என்று சொல்லும். கெட்டது 'பொத்' என்று சொல்லும். எங்கள் தளம் பாதிக்கு மேல் 'பொத்' என்றது.

காரணம் தேடுவதற்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமென்ட்டின் காரத்தன்மை அதன் மேல் மெல்லிய கவசம் ஒன்றைப் போட்டு வைக்கும். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தக் கவசத்தை உடைத்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலே இடம் கேட்கும். இடம் இல்லையென்றால் காங்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளும். காற்றிலிருக்கும் உப்பு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி இந்த வேலையைச் செய்யப் பல ஆண்டுகள் ஆகும். எங்கள் வீட்டில் அது அவ்வளவு தூரம் நடந்து வரத் தேவைப்படவில்லை. கட்டும்போதே உப்பை உள்ளே வைத்துக் கட்டியிருந்தேன்.

1992 மே மாதத்தில் தளம் போட்டோம். மணலில் உப்பு இருக்கும் என்று தெரியும். அதனால் கடற்கரை மணல் கூடாது என்று சண்டை போட்டு வைகை மணலை லாரியில் வரவழைத்தேன். ரோட்டுப் பாலம் 1988இல் திறந்திருந்ததால் லாரி தீவுக்குள் வர முடிந்தது. கம்பியைப் பார்த்தேன், ஜல்லியைப் பார்த்தேன், சிமென்ட் மூட்டையில் தேதியைப் பார்த்தேன். தண்ணீரை மட்டும் பார்க்கவில்லை. கொல்லைக் கிணற்றுத் தண்ணீர்தானே, வீட்டில் குடிக்கிற தண்ணீர்தானே என்று விட்டுவிட்டேன்.

இதில் என்னை இன்றும் குத்துவது ஒன்று உண்டு. தளம் போடுவதற்கு இரண்டு நாள் முன்னால் மாமியார் என்னிடம் சொன்னார்கள்: "மாப்ளே, இந்த மாசம் கெணத்துத் தண்ணில பருப்பு வேகாது. மழை பெஞ்சு தண்ணி மாறட்டும், பொறவு போடுங்க." நான் சிரித்தேன். "அத்தை, நாம பருப்பு வேக வைக்கப் போறதில்ல, காங்கிரீட் போடப் போறோம்" என்று சொன்னதாக ஞாபகம். கூட நின்ற கொத்தனாரும் சிரித்தார்.

பாலத்தில் உப்போடு மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்கியவன், தன் வீட்டுத் தளத்தைத் தானே உப்புத் தண்ணீரில் குழைத்தான். அதே தண்ணீரை அடுத்த பத்து நாள் தளத்தின் மேல் தேக்கியும் வைத்தான். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, அதை எச்சரித்தவர் தலைக்கு மேலேயே அது விழப் பார்த்தது.

தீவின் கிணறு

அந்த அம்மாள் சொன்னதில் இருந்த விஞ்ஞானத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். பாம்பன் தீவு பெரும்பாலும் மணல். பெய்கிற மழை மணலில் இறங்குகிறது. அடியில் கடல்நீர் நிற்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே அதன் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரை நல்ல நீர் இருக்கும் என்று 1888இல் டச்சு எஞ்சினியர் ஒருவரும், 1901இல் ஜெர்மானியர் ஒருவரும் தனித்தனியே கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி போய்விடுகிறது. கோடையில் மோட்டார் போட்டு இழுத்தால் உப்பு கிடுகிடுவென்று மேலே ஏறுவது இதனால்தான்.

தீவில் பழைய கிணறுகள் ஆழமில்லாமல் அகலமாக இருப்பதற்கும், வாளி போட்டு நிதானமாக இறைப்பதற்கும் காரணம் இதுவே. "ஆழமாத் தோண்டுனா அதிகம் தண்ணி" என்ற நம் ஊர்க் கணக்கு அங்கே செல்லாது. உப்பும் கடினமும் ஏறிய நீரில் பருப்பு எளிதில் வேகாது. ஆகவே பருப்புச் சட்டிதான் அந்த வீட்டுப் பரிசோதனைக்கூடம்.

பிறகு காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து இராமநாதபுரம் மாவட்டத்துக்கும் குழாயில் தண்ணீர் வந்தது. நினைத்துப் பார்த்தால் வேடிக்கை. பெங்களூரில் தொரெக்காடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் மேடேறி வரும் காவிரியைக் குடிக்கிறேன். தீவுக்குப் போனால் அங்கேயும் அதே காவிரி, பாலம் தாண்டி வந்து நிற்கிறது. இரண்டு இடத்திலும் அது வராத நாளில்தான் வீட்டுக்காரன் யாரென்று தெரியும்.

விற்பதா, கட்டுவதா?

தளம் விழுந்த செய்தி கேட்டதும் வீட்டில் மாநாடு கூடியது. பெரியவன் கணக்குப் போட்டுக் காட்டினான். இராமேசுவரத்துக்கு வருகிற யாத்ரீகர்கள் பெருகிவிட்டார்கள், தங்கும் விடுதி கட்ட இடம் கேட்டு ஒருவர் நல்ல விலை சொல்கிறார், விற்றுவிட்டு ஆச்சியை இங்கே கூட்டி வந்துவிடலாம் என்றான். சின்னவள், "இனிமே யாருப்பா அங்க போய் இருக்கப் போறா?" என்றாள். இரண்டுமே நியாயமான பேச்சு. என் மனைவி மட்டும், "அம்மா இருக்கிற வரைக்கும் அந்தப் பேச்சே வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டாள்.

கணக்குப் பார்த்தால் மகன் சொன்னதுதான் சரி. ஆனால் நான் போட்ட தளம் அது. விற்றால், வாங்குகிறவர் இடிக்கிற வரை யாரையாவது அதன் கீழே குடிவைக்கக்கூடும். இடிக்க வேண்டியவன் நான்தான் என்று முடிவு செய்தேன். பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்தோம். 2020 பிப்ரவரியில் நானும் மனைவியும் இரண்டு மாதத்துக்கான துணிமணிகளோடு போனோம்.

மாமியாரிடம் திட்டத்தைச் சொன்னபோது அவர்கள் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுப் புயல் தனுஷ்கோடியையே அழித்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலும் பயணிகளோடு அலையில் போனது. பாம்பன் பாலத்தின் இரும்புத் தூலங்கள் பெரும்பாலும் கடலில் விழுந்து, பின்னர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் பாலம் சீராக்கப்பட்டது. அந்த இரவில் மாமியாருக்கு இருபத்திரண்டு வயது. ஓலை வீட்டில் இருந்தார்கள். "கூரை பறந்துருச்சு. சுவத்து ஓரமா உக்காந்து விடிய விடிய நனைஞ்சோம். வீட்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. பத்து நாள்ல வேற ஓலை வேஞ்சோம். உங்க கூரை பறக்காது, சரிதான். ஆனா விழுந்தா என்ன ஆகும் மாப்ளே?"

எனக்குப் பதில் இல்லை. பாரமான கூரை போடுகிறவன் பாரமான பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறான் என்பதை எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வீட்டுக்குக் காங்கிரீட் தளம். திண்ணைக்குப் பனை ஓலை.

இந்த முறை செய்தது

பழைய தளத்தை முட்டுக் கொடுத்து, பகுதி பகுதியாக உடைத்து இறக்கினோம். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய விதி (ஐ.எஸ். 456, 2000ஆம் ஆண்டுப் பதிப்பு). கோடை இன்னும் தொடங்காத பிப்ரவரியிலேயே எங்கள் கிணறு அதை மூன்று மடங்கு தாண்டி நின்றது. அதனால் கலவைக்கும், தளத்தில் தேக்குவதற்கும் குழாய்த் தண்ணீரையே தொட்டியில் சேர்த்து வைத்தோம். போதாததை லாரியில் வாங்கினோம். கொத்தனார், "குடிக்கிற தண்ணியத் தளத்துக்கு ஊத்துறீங்களே" என்று வருத்தப்பட்டார்.

அதே விதி, கடலோரத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. 1992இல் நான் வைத்தது 15. கலவை எம்-30க்குக் குறையக்கூடாது. தண்ணீர் சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மிஞ்சக்கூடாது. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் உப்பு உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும். ஆனால் அதற்குப் பதினான்கு நாளாவது தண்ணீர் தேக்க வேண்டும். கம்பியைத் தேவைக்கு மட்டும் வாங்கி, வந்த வாரமே கட்டி முடித்தோம். தீவில் கம்பியை வெளியே போட்டுவைப்பது அரிசியைக் கோழிக்கு முன்னால் காயவைப்பது மாதிரி.

மார்ச் முதல் வாரத்தில் தளம் போட்டோம். பதினான்கு நாள் தண்ணீர் தேக்கி முடித்து, சென்ட்ரிங் பிரிக்க ஆளைக் கூப்பிடுவதற்குள் நாடு முழுவதும் ஊரடங்கு வந்துவிட்டது. ரயில் நின்றது. சென்ட்ரிங் ஆள் இராமநாதபுரத்தில் மாட்டிக்கொண்டார். முட்டுக்கம்புகளும் பலகைகளும் எங்களோடு இரண்டு மாதம் குடியிருந்தன. கம்புகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்து, நாங்கள் மூன்று பேரும் சமையலறையிலும் ஓலைத் திண்ணையிலும் காலம் தள்ளினோம். இரண்டு மாதத்துக்கு என்று போனவர்கள் டிசம்பர் வரை இருந்தோம். வீட்டைக் கட்டி இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு முழு ஆண்டின் காற்றை அங்கே பார்த்தேன் என்று சொல்லலாம்.

ஒரு நாள் போவது எப்படி?

காலையில் முதல் வேலை துடைப்பது. ஜன்னல் கம்பி, கதவுக் கொண்டி, அடுப்பு, ஃபேன் இறக்கை என்று எல்லாவற்றிலும் இரவில் ஒரு பிசுபிசுப்பு ஏறியிருக்கும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கீல்களுக்கும் பூட்டுக்கும் வாரம் ஒரு தடவை எண்ணெய். 'எவர்சில்வர்' என்று நாம் நம்புகிற பாத்திரத்திலும் பழுப்புப் புள்ளி விழும். சுவிட்சுப் பெட்டிக்குள் செம்பு பச்சையாகும். சைக்கிள் செயின் ஒரு மாதம் கவனிக்காவிட்டால் கயிறு மாதிரி விறைத்துக்கொள்ளும். இரும்பு கேட்டைக் கழற்றிவிட்டு மரக்கதவு போட்டோம். ஜன்னலுக்கும் தேக்குச் சட்டம்தான்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும். மணலை வாரிக்கொண்டு வரும். சோற்றை மூடியே சாப்பிட வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது, ரயில் நிற்கும். வீட்டுக்காரனுக்கும் அது ஒரு குறிப்பு. அன்று மொட்டை மாடியில் எதையும் காயப்போடக்கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் வாடை. ஆண்டின் மழையில் பெரும்பகுதி அப்போதுதான். அதைப் பிடித்து வைக்காதவன் தீவில் வீட்டுக்காரனே அல்ல. தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நம் பெங்களூரில் 2009இல் சட்டத் திருத்தம் வந்தது. கரீபியன் கடலில் உள்ள அமெரிக்க வர்ஜின் தீவுகளில், வீடு கட்டுகிறவர் கூரை நீருக்கென்று தொட்டியும் கட்டியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உலகத்தின் எந்தச் சிறு தீவுக்குப் போனாலும் கூரை என்பது வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பு மட்டுமல்ல, அதுவே குளமும் கூட. புதுத் தளத்தை நான் ஒரு மூலைக்குச் சரிவு வைத்துப் போட்டது அதற்காகத்தான். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததைத் தொட்டிக்குத் திருப்புவோம். தொட்டி நிறைந்தால் மிச்சம் கிணற்றோரக் குழிக்குப் போகும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் கருவாடு, முருங்கை, பருப்பு. தை மாதம் பனங்கிழங்கு. காய்கறி, சிமென்ட், மருந்து, மணியார்டர், மாப்பிள்ளை எல்லாமே பாலம் தாண்டித்தான் வரவேண்டும் என்பது மாமியாரின் வசனம். பெரிய வைத்தியம் என்றால் இராமநாதபுரம் அல்லது மதுரை. மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். எழுபத்தெட்டு வயது மனுஷியைத் தனியே விட்டிருக்கிறோமே என்று அந்தத் தூரத்தை நினைத்துப் பல இரவு தூங்காமல் கிடந்திருக்கிறேன். அவர்கள் மட்டும் கடல் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

தேர்வு நாள்

2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் இலங்கையைத் தாண்டிப் பாம்பனை நோக்கி வந்தது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். படகுகளைக் கரையேற்றிக் கட்டினார்கள். தாழ்வான இடத்து மக்கள் முகாம்களுக்குப் போனார்கள். அக்கம்பக்கத்து ஓலை வீடுகளிலிருந்து பதினோரு பேர், குழந்தைகளோடு, எங்கள் தளத்துக்குக் கீழே வந்து சேர்ந்தார்கள். எனக்கு உள்ளூர உதறல். 'எஞ்சினியர் வீடு' என்று நம்பித்தானே வந்திருக்கிறார்கள்! பழைய தளமாக இருந்தால் இவர்களை உள்ளே விட்டிருப்பேனா என்று யோசித்தபோது, எவ்வளவு பெரிய பழியிலிருந்து தப்பினேன் என்று புரிந்தது.

புயல் நல்லவேளையாக மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்தது. காற்று அவ்வளவாக இல்லை. மழைதான் விடாமல் கொட்டியது. திண்ணை ஓலையில் ஒரு பக்கம் பிய்ந்து போயிற்று. தளத்தில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. விடிந்ததும் மாமியார் மேலே பார்த்துவிட்டு, "இந்தத் தளம் நல்ல தண்ணி குடிச்ச தளம்" என்றார்கள். என் பணிக்காலத்தில் வாங்கிய எந்தப் பாராட்டுக் கடிதமும் அதற்கு ஈடாகாது.

2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோதும் தளம் தாங்கியது. அதைப் பார்க்க அவர்கள் இல்லை. 2023 மாசியில், அதே கூடத்தில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். துருவோடு நூறாண்டுக்கு மேல் போராடிய பாலம் ஓய்வுபெற்றது. 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்தில் புதிய பாலம் திறந்தார்கள். அதன் நடுப்பகுதி அப்படியே நேராக மேலே தூக்கிக்கொள்கிறது. நாங்கள் இப்போதும் ஆண்டுக்கு இரண்டு தடவை போகிறோம்: வாடைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இடையில் எதிர்வீட்டுப் பெண் ஜன்னல்களைத் துடைத்து எண்ணெய் போடுகிறாள். அதற்குச் சம்பளம் உண்டு. வீட்டை வைத்துக்கொள்வதா, விற்பதா என்ற மாநாடு இன்னும் முடியவில்லை. ஆனால் விற்றாலும் இனி நிம்மதியாக விற்கலாம்.

2024 மார்ச்சில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, குடிநீரில் கார் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்களே, அப்போது எங்கள் இராமமூர்த்தி நகரில் என் மனைவி இரண்டு வாளியில் வீட்டை நடத்திக் காட்டினாள். காய்கறி கழுவிய நீர் செடிக்கு, துணி அலசிய நீர் தரைக்கு. அக்கம்பக்கத்தார் வந்து யோசனை கேட்டார்கள். தீவில் கற்றது மேட்டிலும் உதவியது.

அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஒரு சிறு சுத்தியல் எடுத்துச் செல்லுங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம், கடலூர் என்று கடலோரத்தில் வீடு உள்ளவர்கள் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். தளத்தின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். 'பொத்' என்ற சத்தம் கேட்டாலோ, கம்பி போகிற வழியில் நீளமாக வெடிப்போ பழுப்புக் கறையோ தெரிந்தாலோ, மேலே பூசி வெள்ளையடித்து மறைக்காதீர்கள். கீழே யாரோ படுத்திருக்கிறார்கள். அனுபவமுள்ள ஒரு எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இரண்டாவது, அங்கேயே இருக்கும் பெரியவர்கள் தண்ணீரைப் பற்றியோ காற்றைப் பற்றியோ ஏதாவது சொன்னால் சிரிக்காதீர்கள். சிரித்தவன் எழுதுகிறேன்.

போன மாதம் பெரியவன் இங்கே ஒரு ஃபிளாட் பார்க்கப் போனான். நானும் கூடப் போனேன். விற்பனைப் பையன் நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் காட்டி முடித்ததும் மகன் கேட்டான்: "தளத்துக்கு எந்தத் தண்ணி விட்டீங்க? டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா?" பையன் விழித்தான். என் மகன் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆச்சி இருந்தா பருப்பு போட்டுப் பாத்திருப்பாங்கப்பா" என்றான்.